‘தானே’ போட்டுக் கேட்காதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, சொல்லி வைத்தாற்போல, போலீஸ் ஸ்டேஷனையும் கோர்ட்டையும் பற்றியவை. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலுமாகப் பத்தொன்பது வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். அதில் நிறைய நாட்கள் கோர்ட் வராந்தாவில், சாட்சி சொல்ல வந்த குழந்தைகளோடு உட்கார்ந்து கழிந்தவை. அதனால் ஐந்துக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சாயங்காலம் நடக்கப் போனபோது பைக்கில் வந்த இரண்டு பேர் என் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவனின் முகத்தை ஒரு விநாடி பார்த்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு காவலர் செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டி, “இவன்தானேம்மா?” என்றார். “அந்த மாதிரிதான் இருக்கு” என்றேன். இப்போது கண்ணை மூடினால் அந்த போட்டோதான் வருகிறது. அடையாள அணிவகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஏன் என்று சொல்ல என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன்.

1986-ல் அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சீசன் நேரம். மண்டி வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளை ஒரு பையன் மிதித்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். முதுகும், திரும்பிப் பார்த்த பாதி முகமும்தான் தெரிந்தது. மறுநாள் ஒரு காவலர் பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவனைத் தோளைப் பிடித்துக் கூட்டி வந்து, “இவன்தானே?” என்று கேட்டார். அப்பா “ஆமா” என்றார். பையனுக்கு அங்கேயே அடி விழுந்தது. மூன்று வாரம் கழித்து சைக்கிள் காவேரிப்பட்டணத்தில் வேறு ஒருவரிடம் கிடைத்தது. அப்பா அந்தப் பையன் வீட்டுக்கு நடந்தே போனார். அவனுடைய அம்மா கதவைத் திறக்கவில்லை. சாகும்வரை அப்பா சொன்னது, “நான் பொய் சொல்லலம்மா, நிஜமாவே அவனைத்தான் பார்த்தேன்னு நினைச்சேன்.” நான் மனநலம் படிக்கப் போனதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

அப்பாவுக்கு நடந்தது இதுதான். அவர் மனதில் இருந்தது பாதி முகம். காவலர் கொண்டுவந்து நிறுத்தியது முழு முகம். பாதியை முழுசு நிரப்பிவிட்டது. நிரப்பியதே அவருக்குத் தெரியாது. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும், இடையில் பார்த்தது, கேட்டது எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-ல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி, குற்றவாளியின் முகத்தை மறக்கவே கூடாது என்று அந்த நேரத்திலும் உற்றுப் பார்த்து வைத்துக்கொண்டவர். போட்டோக்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார். அப்புறம் நேரில் வரிசையாக நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். போட்டோவில் காட்டியதும் அதே ஆளைத்தான் என்று போலீஸ் சொன்னதும் அவருடைய உறுதி கூடிவிட்டது. பிறகு மறுவிசாரணையில் உண்மையான குற்றவாளியையே கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பெண், இவரை நான் பார்த்ததே இல்லை என்றார். 1995-ல் டிஎன்ஏ சோதனைதான் காட்டனை வெளியே விட்டது. அதற்குள் அவர் பத்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தாயிற்று. அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே ஒரு நோட்டில், போட்டோ பார்ப்பதற்கு முன்னால் உங்களுக்கு என்ன ஞாபகம் இருந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். சட்டை நிறமா, கையில் இருந்த கயிறா, பைக்கின் சத்தமா, எதுவானாலும் சரி. கீழே தேதி போடுங்கள். அணிவகுப்பை நடத்துபவர் மாஜிஸ்திரேட். ஒரே வயது, ஒரே உடல்வாகு உள்ளவர்களோடு கலந்து சந்தேக நபரையும் நிறுத்துவார்கள். வரிசையைப் பார்ப்பதற்கு முன்பே, “ஐயா, எனக்குச் செல்போனில் ஒரு போட்டோ காட்டினார்கள்” என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். முகத்தை முன்பே சாட்சிக்குக் காட்டிவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கேஸ் போய்விடுமே என்று தயங்காதீர்கள். வரிசையில் யாரையும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அதுவும் சாட்சிதான்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. போக்சோ கேஸ் நடக்கிறது. அடுத்த மாதம் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள், “என்னென்ன சொல்லணும்னு நல்லா மனப்பாடம் பண்ணி வை, வக்கீல் குழப்பிடுவாங்க” என்கிறார்கள். அவள் சில நாட்களாகச் சாப்பிடுவதே இல்லை.
– ஒரு தாய் (ஊர் பெயரையும் கடிதத்தில் இருந்த சில விவரங்களையும் நானே எடுத்துவிட்டேன்)

பதில்: மனப்பாடம் வேண்டாம் அம்மா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுமிக்குத் துணையாகப் போயிருந்தேன். வீட்டில் பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே போனதும் குழந்தை, “என்னைப் பாலியல் துன்புறுத்தல் செய்தார்” என்று ஒப்பித்தாள். “அப்படின்னா என்னம்மா?” என்று கேட்டார்கள். வாயடைத்துப் போனாள். அப்புறம் எது கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளே என்னிடம் முதல் நாள் தன் பாஷையில் சொன்னது, “அந்த மாமா டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சாங்க” என்று. அந்த டிவி சத்தத்தை எந்தப் பெரியவராலும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. கேட்கிற யாருக்கும் அது உண்மை என்று புரிந்திருக்கும். மனப்பாடம் செய்த வாக்கியம் அதை மூடிவிட்டது.

இன்னொன்று. வீட்டில் அத்தை ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தால், முதல் தடவை சொன்னது தப்போ, அதனால்தான் மறுபடி கேட்கிறார்களோ என்று குழந்தை நினைக்கும். பதிலை மாற்றும். அதிலும் நம் ஊரில் பெரியவர்கள் ‘தானே’ போட்டுத்தான் கேட்போம். “அவர்தானே தொட்டாரு?”, “அப்பதானே நீ அழுதே?” பெரியவர் சொன்னதற்கு ‘ஆமா’ சொல்வதுதான் மரியாதை என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். இன்றையிலிருந்து வீட்டில் யாரும் அந்தச் சம்பவம் பற்றி அவளிடம் கேட்க வேண்டாம். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். “அப்புறம்?” என்பதைத் தவிர எதுவும் கேட்காதீர்கள்.

பழக்க வேண்டியது வேறு ஒன்று. தப்பாகச் சொன்னால் பெரியவரைத் திருத்தலாம் என்பதை. நான் குழந்தைகளோடு ஒரு விளையாட்டு ஆடுவேன். “உனக்கு அஞ்சு வயசு, சரியா?” என்பேன். “இல்ல, எட்டு!” என்று அவள் கத்த வேண்டும். “எங்க வீட்டு நாய் பேர் என்ன சொல்லு?” என்பேன். “எனக்கெப்படித் தெரியும்?” என்று சொல்ல வேண்டும். குழந்தைகளை விசாரிப்பதற்காக ஆராய்ச்சியாளர்கள் வகுத்த முறைகளிலும் விசாரணை இப்படித்தான் ஆரம்பிக்கும். தெரியாது, புரியவில்லை, நீங்கள் சொல்வது தப்பு. இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்த குழந்தையைக் குறுக்கு விசாரணையில் குழப்புவது கஷ்டம்.

சட்டம் உங்கள் பக்கம் நிறைய செய்து வைத்திருக்கிறது. 2012-ன் போக்சோ சட்டப்படி, வக்கீல்கள் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். விசாரணை மூடிய அறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. நடுவில் இடைவேளை கேட்கலாம். அவள் நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு அழைக்கக் கூடாது. குழந்தை நலக் குழுவிடம் கேட்டால் துணை நபர் ஒருவரை நியமிப்பார்கள். இன்னும் நியமிக்கவில்லை என்றால் நாளைக்கே எழுதிக் கொடுங்கள்.

முடிந்தால் வாய்தா இல்லாத ஒரு நாளில் அவளைக் கூட்டிப் போய் அந்த அறையைக் காட்டுங்கள். நீதிபதி எங்கே உட்காருவார், அவள் எங்கே உட்காருவாள், பாத்ரூம் எங்கே இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளின் முதல் கேள்வி பாத்ரூம் பற்றித்தான். சாப்பிடாமல் இருப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

கேள்வி: எஸ்ஐ தேர்வுக்குப் படிக்கிறேன். ஒருவர் பொய் சொல்கிறார் என்பதைக் கண், கை அசைவை வைத்துக் கண்டுபிடிக்க நல்ல வழிகள் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: அப்படி ஒரு வழி இல்லை தம்பி. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2006-ல் கணக்குப் போட்டார்கள். தீர்ப்புச் சொன்னவர்கள் 24,000 பேருக்கு மேல். பொய்யையும் உண்மையையும் பிரித்ததில் சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும். போலீஸ்காரர்களும் மற்றவர்களைவிடப் பெரிதாக மேலே இல்லை. நம் ஊரில் இது இன்னும் மோசமாகப் போகும். அஞ்செட்டி மலையிலிருந்து இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டேஷன் படி ஏறுகிறவர் தலையைக் குனிந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, திக்கித் திக்கித்தான் பேசுவார். அதிகாரி முன்னால் நிமிர்ந்து பார்ப்பது திமிர் என்று வளர்ந்தவர். அதைப் பொய்யின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டால் ஏழையெல்லாம் குற்றவாளி ஆகிவிடுவான்.

அதற்குப் பதில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974-ல் ஒரு சோதனை செய்தார். கார் மோதும் படத்தை மாணவர்களுக்குக் காட்டி, வேகம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்தான் மாறியது. ‘தொட்டபோது’ என்ற மாதிரி கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் சுமார் 51 கிலோமீட்டர். ‘நொறுக்கியபோது’ என்ற மாதிரி கேட்டால் 65. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ‘நொறுக்கியபோது’ கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். தொப்பூர் கணவாயில் ஒரு விபத்து நடந்து நீங்கள் போய் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். “லாரி எவ்வளவு வேகமா வந்து அடிச்சுது?” என்று டீக்கடைக்காரரிடம் கேட்ட அந்த நிமிஷமே பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

“அன்னைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறந்தீங்க, மழையா வெயிலா, அங்கிருந்து ஒண்ணுவிடாமச் சொல்லுங்க” என்று ஆரம்பியுங்கள். நடுவில் குறுக்கே பேசாதீர்கள். முடித்ததும், கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். விட்டுப்போனது சில அதில் வரும். ஃபிஷர், கெய்சல்மேன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1980-களில் உருவாக்கிய முறை இது. சந்தேக நபராக இருந்தால், உங்கள் கையில் இருக்கும் ஆதாரத்தை முதலிலேயே காட்டாதீர்கள். அவர் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். சிசிடிவி பதிவோடு அவர் கதை பொருந்துகிறதா என்பதுதான் உங்கள் கருவி. அவர் கண்ணில் ஒன்றும் இல்லை.

கேள்வி: என் தம்பி பைக் திருட்டு கேஸில் இருக்கிறான். இரண்டாம் நாள் ராத்திரி அவனே ஒத்துக்கொண்டான் என்கிறார்கள். செய்யாதவன் எதற்கு ஒத்துக்கொள்வான் என்று ஊரே கேட்கிறது. எங்கள் வீட்டில் கன்னடம்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது.
– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை வட்டம்

பதில்: உங்கள் தம்பி செய்தாரா இல்லையா என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் செய்யாதவர்கள் ஒத்துக்கொள்வது உண்டு. அடி, தூக்கமின்மை, ‘ஒத்துக்கிட்டா நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்’ என்ற ஆசைப் பேச்சு, இவையெல்லாம் சேர்ந்தால் இன்றைய வலி பெரிதாகவும் நாளைய சிறை சின்னதாகவும் தெரியும். அடி இல்லாமலும் நடக்கும். 1996-ல் அமெரிக்காவில் கேசின் என்ற உளவியலாளர் மாணவர்களைக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கச் சொன்னார். ஒரு பட்டனை மட்டும் தொடாதே, தொட்டால் மெஷின் நின்றுவிடும் என்றார். மெஷினைத் தானாகவே நிற்க வைத்துவிட்டு, நீதான் தொட்டாய் என்றார்கள். யாரும் தொடவில்லை. ஆனாலும் 69 சதவீதம் பேர் தொட்டேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள். நான் பார்த்தேன் என்று இன்னொருவரும் சொல்லி, வேகமாகவும் டைப் அடிக்க வைத்தபோது எல்லோருமே போட்டார்கள். இங்கிலாந்தில் குண்டுவெடிப்பு வழக்குகளில் போலீசிடம் ஒத்துக்கொண்டு சிறையில் கிடந்தவர்கள் 1989-லும் 1991-லும் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள். அதன்பிறகு அந்த நாட்டுப் போலீஸ் விசாரணை முறையையே மாற்றியது. ஒத்துக்கொள்ள வைப்பதை விட்டு, தகவல் சேகரிப்பதற்குத் திரும்பியது.

நம் சட்டத்துக்கு இது 1872-லேயே தெரியும். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. அது அன்றைய சாட்சியச் சட்டத்தில் இருந்தது. இப்போது அதற்குப் பதிலாக வந்த 2023-ன் பாரதிய சாட்சிய அதிநியத்தில் அது 23-ஆவது பிரிவு. அவர் சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அதனால் பைக் எங்கிருந்து, யார் முன்னால் எடுக்கப்பட்டது, மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவில், சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்பதை உங்கள் வக்கீல் முதலில் பார்க்கட்டும். மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புதல் கொடுக்கக் கூட்டிப் போனால், கட்டாயம் இல்லை, கொடுத்தால் உங்களுக்கு எதிராகப் பயன்படும் என்று அவர் எச்சரிக்க வேண்டும். தம்பி விருப்பமில்லை என்று சொன்னால் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. இதை அவருக்குத் தெரியப்படுத்துங்கள். பலர் மாஜிஸ்திரேட் முன்னால் வாய் திறக்காததற்குக் காரணம், திரும்ப அதே ஸ்டேஷனுக்குத்தானே போகணும் என்ற பயம்தான்.

அப்புறம் மொழி. நம் மேற்கு எல்லையில் இது தினம் நடக்கிற அநியாயம், பெரிதாக யாரும் பேசுவதில்லை. ஆள் கன்னடத்திலோ தெலுங்கிலோ சொல்வார். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலரான ரைட்டர் தமிழில், அதுவும் ‘மேற்படி நபர்’, ‘சம்பவ இடம்’ என்று ஸ்டேஷன் தமிழில் எழுதுவார். அவர் சொன்ன வார்த்தை ஒன்றுகூட அதில் இருக்காது. கோர்ட்டில் பதிவாகும் வாக்குமூலத்தை அவருக்குப் புரிகிற மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தமிழ் படிக்கத் தெரியாது என்று முதல் நாளே நீதிபதியிடம் சொல்லச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

பொய் கண்டறியும் மெஷினில் உட்கார வைப்போம் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதமில்லாமல் அந்தச் சோதனையோ, மருந்து கொடுத்துப் பேச வைக்கிற நார்கோ சோதனையோ செய்யக் கூடாது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். நினைவை நம்ப முடியாது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் வாச்சாத்தி மக்கள் அத்தனை வருடம் கழித்துச் சொன்னதை எப்படி நம்பினார்கள்? என் பாட்டி அந்தப் பக்கத்துக்காரர். அவர் சொல்வதைப் பதிவு செய்ய ஆசை.
– ஒரு மாணவி, அரூர்

பதில்: நல்ல கேள்வி. போன இதழில் நான் இன்னும் விளக்கி எழுதியிருக்க வேண்டும். நினைவு எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழப்பதில்லை. ஓரத்தில் இருந்தவை போகும். சட்டை நிறம், மணி, எத்தனை பேர், எது முதலில். நடுவில் இருந்தது நிற்கும். கனடாவில் ஒரு துப்பாக்கிக் கடை வாசலில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த 13 பேரை நான்கைந்து மாதம் கழித்து மறுபடி விசாரித்தார்கள். 1986-ல் வெளியான ஆய்வு. பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். ‘தானே’ கேள்விகளுக்கு மசியவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் படம் பார்ப்பது வேறு, தன் வாசலில் நடப்பது வேறு.

வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் பழங்குடி மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கு தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்புச் சொன்னது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு முன் நீதிபதி அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் ஒருவருக்கொருவர் தேதியிலும் நேரத்திலும் சின்னச் சின்ன வித்தியாசம் வந்தால் அது பொய்யின் அடையாளம் இல்லை. வராமல் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தை ஒப்பித்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அந்தப் பெண்கள் கூண்டில் ஏறி அதைச் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

பாட்டியிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். சொல்ல வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் போனை ரெக்கார்டில் போட்டு ஓரமாக வையுங்கள். நடந்ததை நேராகக் கேட்காதீர்கள். “அந்த வருஷம் என்ன பயிர் வெச்சிருந்தீங்க பாட்டி?” என்று ஆரம்பியுங்கள். ராகியோ சாமையோ, அவர் அங்கிருந்து வருவார். செய்தித்தாளில் படித்ததை நீங்கள் இடையில் சொல்லாதீர்கள். நடுவில் நிறுத்திவிட்டார் என்றால் நீங்களும் பேசாமல் உட்கார்ந்திருங்கள். கை நடுங்கினால் ரெக்கார்டை அணைத்துவிட்டு டீ போட்டுக் கொடுங்கள். மீதியை இன்னொரு நாள் கேட்கலாம்.